துருவும் கதிரும்: அணு உலைக் குழாய்களுக்குள் நடப்பது என்ன?

அணுமின் நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும் எமது மனக்கண்ணில் தோன்றுபவை வெடிப்பும் புகையும் ஊரைவிட்டு வெளியேறும் மக்கள் கூட்டமுமே. 1986 ஆம் ஆண்டில் செர்னோபிலும் 2011 ஆம் ஆண்டில் புகுஷிமாவும் உலக மக்களின் நினைவில் பதித்துச் சென்ற காட்சிகள் அவை. எனினும் உலகெங்கும் இயங்கிவரும் நானூறுக்கும் மேற்பட்ட அணு உலைகளில் பணியாற்றுவோரை அன்றாடம் கவலைகொள்ளச் செய்யும் விடயம் இவற்றைவிட மிகச் சாதாரணமானது. எமது தகரக் கூரையையும் தண்ணீர்க் குழாயையும் அரித்துத் தின்னும் அதே துருதான் அது. அணு உலையினுள் அத்துருவுக்கு இன்னொரு குணமும் சேர்ந்துவிடுகின்றது. அது கதிர்வீசத் தொடங்கிவிடுகின்றது.

இதனை இலங்கை வாசகர்கள், அதிலும் புளத்கொகுபிட்டிய, யட்டியாந்தோட்டை போன்ற சபரகமுவ மலைப்பகுதிகளில் வாழ்வோர், எதற்காக அறிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி எழலாம். அதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழகத்தின் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் இயங்கிவருகின்றன. அவற்றின் நலனும் கேடும் அயலவரான எம்மைத் தொடாமல் விடப்போவதில்லை. அடுத்து, இலங்கையும் அணுமின் உற்பத்தியை நோக்கி ஆலோசித்துவருகின்றது. சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் மதிப்பீட்டுக் குழுவொன்று 2022 ஆம் ஆண்டில் இங்கு வந்து, அதற்கான அடிப்படை ஆயத்தங்களைப் பரிசீலித்துச் சென்றது. நாளை அவ்வாறான நிலையமொன்று அமையுமாயின், அதன் செலவை மின்கட்டணமாகச் செலுத்துவோரிலும் அதன் குழாய்களைத் துடைக்கச் செல்வோரிலும் மலையகத்தின் பிள்ளைகளும் இருப்பர். ஆதலால் ஆதரவு, எதிர்ப்பு என்ற கோஷங்களுக்கு முன்னர் விடயத்தை விளங்கிக்கொள்வது அவசியமாகின்றது.

பழகிய எதிரியின் புதிய முகம்

தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையை நேராக எதிர்கொள்ளும் கேகாலை மாவட்டத்தில் துருவைப் பற்றி எவருக்கும் விளக்கம் கூறத் தேவையில்லை. லயன் குடியிருப்புகளின் தகரக் கூரையில் முதலில் ஒரு செம்புள்ளி தோன்றுகின்றது. ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு மழை இரவில் அது ஓட்டையாகிவிட்டதை வீட்டார் அறிகின்றனர். உலோகம் அரிக்கப்படுவது மெதுவாக. அது வெளிப்படுவது திடீரென. இது துருவின் முதலாவது இயல்பு.

இரண்டாவது இயல்பை அறிய யாழ்ப்பாணத்துக்குச் செல்லவேண்டும். சுண்ணக்கல் நிலத்தின் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெண்படை கட்டுவதை அங்குள்ள இல்லத்தரசிகள் அறிவர். நீரில் கரைந்திருந்தது சூடான பரப்பில் படிந்துவிடுகின்றது. ஓரிடத்தில் கரைவதும் பிறிதோரிடத்தில் படிவதுமான இவ்விரு நிகழ்வுகளும் அணு உலையில் ஒரே குழாய்த் தொகுதிக்குள் இரவுபகலாக நடைபெறுகின்றன.

அணு உலை என்பது அடிப்படையில் நீரைச் சூடாக்கும் அடுப்பேயாகும். யுரேனிய எரிபொருளில் அணுக்கள் பிளவுறும்போது பிறக்கும் வெப்பத்தை, அதனைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திச் செல்கின்றது. இதுவே குளிர்விப்பு நீர். கூடங்குளத்தின் உலைகளில் இந்நீர் 320 பாகை செல்சியஸ் வரை சூடாகின்றது. அது கொதித்து ஆவியாகிவிடாதிருக்க, வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 155 மடங்கு அமுக்கத்தில் அடைத்துவைக்கப்படுகின்றது. இம்முதற் சுற்று நீர், நீராவிப் பிறப்பாக்கி எனும் கலத்தினுள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களினூடாகச் சென்று தனது வெப்பத்தை இரண்டாஞ் சுற்று நீருக்குக் கையளிக்கின்றது. இரண்டாஞ் சுற்று நீர் நீராவியாகிச் சுழலியை இயக்குகின்றது. அந்நீராவியை மீண்டும் நீராக்குவதற்கு மூன்றாவதாகக் கடல்நீர் வருகின்றது. மூன்று நீர்களும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்துநிற்பவை உலோகச் சுவர்களே. அச்சுவர்களின் நலமே நிலையத்தின் நலம்.

சாதாரண உலோகம் கதிர்வீசுவது எவ்வாறு?

சபரகமுவ மண்ணுக்குக் கதிர்த்தொழிற்பாடு புதியதன்று. இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடைப் பகுதி மணிக்கல் சரளைகளில் தோரியம் செறிந்த கனிமமொன்றைக் கண்டெடுத்தவர், அக்காலத்தில் இலங்கைக் கனிம ஆய்வுப் பகுதியின் தலைவராக விளங்கிய ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞராக உலகம் போற்றும் அவர் தொடக்கத்தில் ஒரு புவியியலாளர். 1904 ஆம் ஆண்டில் அது புதிய கனிமம் என உறுதியாகித் ‘தோரியனைட்’ எனப் பெயர்பெற்றது. அது இயற்கை தந்த கதிர். பூமி தோன்றிய காலந்தொட்டுக் கல்லுக்குள் உறைந்து கிடப்பது.

அணு உலைக் குழாயில் நிகழ்வது வேறு. அங்கு இரும்பு, நிக்கல், குரோமியம், கோபால்ட் ஆகிய சாதாரண உலோகங்களே உள்ளன. குழாயின் உட்சுவரிலிருந்து இவை அணுவணுவாகக் கரைந்தும் நுண்துகளாக உதிர்ந்தும் நீரோடு பயணஞ்செய்கின்றன. அந்நீர் உலையின் மையத்தைக் கடக்கும்போது எரிபொருட் கோல்களின் மீது இவை படிகின்றன. அங்கே நியூத்திரன்களின் இடைவிடாத மழையில் நனைகின்றன. நியூத்திரனை விழுங்கிய சாதாரண கோபால்ட் 59, கதிர்வீசும் கோபால்ட் 60 ஆக உருமாறுகின்றது. பின்னர் அப்படிவு மீண்டும் கரைந்து, உலை மையத்துக்கு வெளியே உள்ள குழாய்களிலும் பம்பிகளிலும் வால்வுகளிலும் நீராவிப் பிறப்பாக்கியிலும் சென்று ஒட்டிக்கொள்கின்றது.

துறைசார்ந்தோர் இப்படிவைக் ‘கிரட்’ என்பர். கனடாவின் சோக் ரிவர் ஆய்வு நிலையத்தில் இனங்காணப்படாத படிவாகத் தோன்றியதால், அவ்வாங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் இப்பெயர் வந்ததென்று கூறப்படுவதுண்டு.

இப்படிவுகளில் நிக்கலிலிருந்து பிறக்கும் கோபால்ட் 58 ஒப்பீட்டளவில் விரைந்து அடங்குவது. 71 நாட்களில் அது பாதியாகிவிடும். கோபால்ட் 60 அவ்வாறன்று. அது பாதியாகக் குறைய ஐந்தேகால் ஆண்டுகளும், எட்டில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளும் செல்லும். அது வீசும் காமாக் கதிர் குழாயின் உருக்குச் சுவரைத் துளைத்து வெளியே வரக்கூடியது. இதே கோபால்ட் 60 தான் புற்றுநோய்ச் சிகிச்சையில் நீண்டகாலம் துணைநின்றது; பியகமவில் உள்ள காமாக் கதிர் நிலையத்தில் பொருள்களைக் கிருமிநீக்கஞ் செய்வதற்கும் பயன்படுகின்றது. அங்கே அது உறையிட்ட வாள். உலைக் குழாய்களிலோ அது எங்கு பதுங்கியிருக்கின்றது என்பதே தேடிக் கண்டறிய வேண்டியதாக உள்ளது.

இங்கு முக்கியமானதோர் உண்மையைக் கவனிக்க வேண்டும். அணுமின் நிலையத் தொழிலாளர் பெறும் கதிர்வீச்சின் பெரும்பகுதி, உலை நிறுத்தப்பட்டிருக்கும் பராமரிப்புக் காலத்திலேயே பெறப்படுகின்றது. அதற்குப் பிரதான காரணம் குழாய்களில் படிந்துள்ள இந்தக் கதிர்வீசும் துருவே. உலையை நிறுத்தினால் அணுப் பிளவுத் தொடர் நின்றுவிடும். படிந்த துருவின் கதிரை நிறுத்துவதற்கு எந்தப் பொத்தானும் இல்லை.

நீரைப் பேணும் கலை

துருவை முற்றாக ஒழித்தல் இயலாது. ஆயினும் அதனைப் பெரிதும் அடக்கி வைக்கலாம். அதற்கான முதற்கருவி, சற்று விநோதமாகத் தோன்றினாலும், துருவேயாகும். உருக்குக் குழாயின் உட்புறத்தில் ‘மக்னடைட்’ எனும் கறுப்பு இரும்பு ஒட்சைட்டு, மெல்லிய, நெருக்கமான படலமாக வளர்ந்துவிட்டால், அது அடியிலுள்ள உலோகத்துக்குக் கவசமாகின்றது. ஆகவே புதிய கனநீர் உலையைத் தொடக்குமுன்னர், காரமூட்டிய சூடான நீரைப் பல நாட்கள் குழாய்களில் ஓடவிட்டு அப்படலத்தைத் திட்டமிட்டு வளர்க்கின்றனர். புதிய மண்சட்டியைச் சமையலுக்கு எடுக்குமுன் பழக்குவதைப் போன்றது இது.

அடுத்தது நீரின் காரத்தன்மை. மக்னடைட் படலம் எந்தக் காரநிலையில் மிகக்குறைவாகக் கரையுமோ அந்நிலையில் நீரை வைத்திருக்க வேண்டும். கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் இதற்காக இலிதியம் ஐதரொட்சைட்டு மிகச் சிறிதளவு சேர்க்கப்படுகின்றது. அந்த இலிதியத்திலும் தேர்வு உண்டு. இயற்கை இலிதியத்தில் கலந்துள்ள இலிதியம் 6 நியூத்திரனை ஏற்று, திரித்தியம் எனும் கதிர்வீசும் ஐதரசனைத் தோற்றுவிப்பதால், அதனை நீக்கிய இலிதியம் 7 பயன்படுத்தப்படுகின்றது. ருஷ்ய வடிவமைப்பிலான கூடங்குளம் உலைகளில் நிலைமை வேறு. அங்கு நியூத்திரன்களைக் கட்டுப்படுத்துவதற்காகக் குளிர்விப்பு நீரிலேயே போரிக்கமிலம் கலக்கப்படுகின்றது. அவ்வமிலத்தைச் சமன்செய்யப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டும் அமோனியாவும் இடப்படுகின்றன.

மூன்றாவது, ஒட்சிசனை விலக்குதல். துருவுக்கு ஒட்சிசன் துணைவன் என்பது பாடசாலை மாணவரும் அறிந்ததே. உலையினுள் வெளிக்காற்றைத் தடுத்துவிட்டால் மட்டும் போதாது. கதிர்வீச்சே நீரைப் பிளந்து ஒட்சிசனைத் தோற்றுவிக்கின்றது. எனவே நீரில் ஐதரசன் வாயுவைக் கரைத்து வைக்கின்றனர். பிறக்கும் ஒட்சிசன் அதனோடு கூடி மீண்டும் நீராகிவிடுகின்றது. இவற்றோடு, ஓடும் நீரின் ஒரு சிறு பங்கு எப்போதும் பக்கவழியே திருப்பப்பட்டு, குளிராக்கப்பட்டு, வடிகட்டிகளுக்கும் அயன் மாற்றுப் பிசின்களுக்கும் ஊடாகச் செலுத்தப்பட்டுத் தூய்மையாக்கப்படுகின்றது. குளோரைட்டு போன்ற மாசுகள் மிகச் சொற்ப அளவில் இருந்தாலும் துருப்பிடிக்கா உருக்கிலேயே வெடிப்புகளை ஏற்படுத்தவல்லவை என்பதால் இதில் சலுகைக்கு இடமில்லை.

நான்காவது, எதிரியை வாசலிலேயே தடுத்தல். வால்வுகளின் தேய்வுறும் பகுதிகளில் உறுதிக்காக இடப்படும் ‘ஸ்டெலைட்’ எனும் கலப்புலோகத்தில் பாதிக்கும் மேல் கோபால்ட் உண்டு. சில கிராம் தேய்ந்து நீரில் கலந்தாலும் அது நெடுங்காலத் தொல்லையாகிவிடும். எனவே கோபால்ட் குறைந்த அல்லது அறவே அற்ற கலப்புலோகங்களுக்கு மாறுவது பல நாடுகளின் வழக்கமாகிவிட்டது. நீரில் நாகத்தை மிகச் சிறிதளவு சேர்க்கும் முறை இன்னொன்று. ஒட்சைட்டுப் படலத்தில் கோபால்ட் அமரவேண்டிய ஆசனத்தில் நாகம் முந்தி அமர்ந்துகொள்வதால் கோபால்டுக்கு இடமில்லாது போகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பார்லி நிலையத்தில் 1994 ஆம் ஆண்டில் இது அழுத்தநீர் உலையொன்றில் முதன்முதலாகக் கையாளப்பட்டது.

கல்பாக்கத்தின் அனுபவம்

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள கல்பாக்கம், இத்துறையில் நாம் உற்றுநோக்க வேண்டிய இடமாகும். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதலாவது உலை 1984 ஆம் ஆண்டிலும் இரண்டாவது 1986 ஆம் ஆண்டிலும் வர்த்தக உற்பத்தியை ஆரம்பித்தன. 1974 ஆம் ஆண்டின் பொக்ரான் அணுச்சோதனைக்குப் பின்னர் கனடா தனது உதவியை நிறுத்திக்கொண்டதனால், இந்தியப் பொறியியலாளர் தம் சொந்த முயற்சியிலேயே பலவற்றைக் கற்கவேண்டியிருந்தது. உலைக்குள் ஓடும் நீரின் இரசாயனமும் அவற்றுள் ஒன்று. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் நீர், நீராவி இரசாயனவியல் பிரிவு கல்பாக்கத்திலேயே அமைந்து, இதனை ஒரு தனித்துறையாக வளர்த்தது.

அவர்களது பணிகளுள் குறிப்பிடத்தக்கது, கதிர்வீசும் படிவை இரசாயன முறையில் கழுவி நீக்குதலாகும். கேத்தலின் வெண்படையைத் தேசிக்காய்ப் புளியிட்டு நீக்குவதன் பெரிய வடிவம் இது எனலாம். ஆனால் இங்கு வீரியமிக்க அமிலத்தை ஊற்றமுடியாது; படிவோடு குழாயும் கரைந்துவிடும். ஆகவே ஒரு லீற்றர் நீருக்கு ஒரு கிராம் என்ற அளவிலான மிக மென்மையான கரைசலே பயன்படுத்தப்படுகின்றது. உலோக அயன்களைப் பற்றிப்பிடிக்கும் சேதனச் சேர்வைகளைக் கொண்ட அக்கரைசல் குழாய்களைச் சுற்றிவந்து படிவைக் கரைக்கின்றது. கரைந்த கதிர்வீசும் உலோகங்களைப் பிசின்கள் பிடித்துக்கொள்ள, கரைசல் புத்துயிர் பெற்று மீண்டும் சுற்றுகின்றது. விலைமதிப்புமிக்க கனநீரை வெளியேற்றாமல் அதனுள்ளேயே இதனைச் செய்யலாம் என்பது இம்முறையின் சிறப்பு.

எனினும் இயற்கை தன் வினாத்தாளை முன்கூட்டிக் காட்டுவதில்லை. இந்தியக் கனநீர் உலைகளில் இவ்வாறு கழுவியபோது சில இடங்களில் கதிர்வீச்சு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ஆராய்ந்தபோது குற்றவாளி கோபால்ட் அல்ல, அந்திமனி என்பது தெரியவந்தது. குளிர்விப்பு நீரை ஓட்டும் பெரும் பம்பிகளின் கசிவுத்தடுப்புப் பாகங்கள் அந்திமனி ஊட்டிய காரீயத்தால் ஆனவை. எமது கேகாலை மாவட்டத்தின் போகலச் சுரங்கத்தில் அகழப்படும் அதே வகைப் பொருள்தான் காரீயம், அது தீங்கற்றது. அதனோடு கலந்திருந்த அந்திமனியோ தேய்ந்து நீரில் கலந்து, உலை மையத்தில் கதிர்வீசும் தன்மை பெற்று, கழுவும் கரைசலால் பெயர்க்கப்பட்டு, வெளிக் குழாய்களின் தூய உருக்குப் பரப்பில் மீண்டும் குடியேறிவிட்டது. இதனை இடைமறிக்கும் வழிகளைக் கல்பாக்கம் ஆய்வாளர் தேடினர். அந்திமனி கலவாத பாகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பாடமும் கிடைத்தது. ஒரு பம்பியின் சிறு வளையத்தைத் தேர்ந்தெடுத்த முடிவு, ஆண்டுகள் கழித்து அங்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் உடலில் பதிவாகும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

கல்பாக்கத்தில் எரிபொருளைத் தாங்கும் சேர்க்கோனியக் குழாய்களும் இதே கதையையே கூறின. ஓர் உலையில் 306 குழாய்கள் உள்ளன. வெந்நீரோடு உலோகம் புரியும் தாக்கத்தில் பிறக்கும் ஐதரசனை அவை காலப்போக்கில் உறிஞ்சி நொய்மையடையக்கூடியவை. ஆகவே 2002 ஆம் ஆண்டிலிருந்து 2005 ஆம் ஆண்டு வரையான காலத்தில் இரு உலைகளினதும் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழுமையாகக் கழற்றப்பட்டு, நயோபியம் கலந்த மேம்பட்ட சேர்க்கோனியக் குழாய்கள் பொருத்தப்பட்டன. கதிர்வீசும் சூழலில் நூற்றுக்கணக்கான குழாய்களை மாற்றுவதென்பது மனித உழைப்பின் பெருஞ்சாதனை. அதேவேளை அவ்வுழைப்புக்கு ஒரு கதிர்வீச்சுக் கணக்கும் உண்டு.

கடல்நீரும் சும்மா இருப்பதில்லை. கல்பாக்கத்தில் கடலுக்கடியில் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக நீர் எடுக்கப்படுகின்றது. அதன் சுவர்களில் பச்சை மட்டிகள் பெருகி ஒட்டிக்கொள்வதும், அவற்றைக் கட்டுப்படுத்தக் குளோரீன் இடுவதும் அங்கு நீண்டகால ஆய்வுப் பொருள்களாகும்.

கவனக்குறைவின் விலை

இத்தனை அக்கறை தேவைதானா என்று ஐயுறுவோர் மூன்று நிகழ்வுகளை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்பெஸி நிலையத்தில், உலைக் கலத்தின் மூடியிலிருந்த நுண்வெடிப்பொன்றின் வழியே போரிக்கமில நீர் ஆண்டுக்கணக்கில் கசிந்தது. 2002 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கண்டறியப்பட்டபோது, ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் தடிப்பான உருக்கை அமிலம் முற்றாகத் தின்றிருந்தது. பேரமுக்க நீரைத் தாங்கி எஞ்சியிருந்தது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தடிப்பான உட்பூச்சுத் தகடு மட்டுமே. அதற்கு முன்னரே மூடியில் செந்துருக் கறைகள் காணப்பட்டிருந்தன. காற்று வடிகட்டிகளில் துருத்துகள் அடைத்து, அவற்றை அடிக்கடி மாற்றவேண்டியும் வந்தது. அறிகுறிகள் கண்முன் இருந்தும் அவற்றை வாசிக்க எவரும் முன்வரவில்லை.

ஜப்பானின் மிஹாமா நிலையத்தில் 2004 ஆகஸ்ட் 9 ஆம் திகதி இரண்டாஞ் சுற்றின் குழாயொன்று வெடித்தது. வேகமாக ஓடும் சூடான நீர், காப்புப் படலத்தைத் தொடர்ந்து கரைத்துச் சென்றமையால் பத்து மில்லிமீற்றர் தடிப்பாக இருந்த சுவர் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் கீழாக மெலிந்திருந்தது. கொதிநீராவியில் ஐவர் மாண்டனர், அறுவர் காயமுற்றனர். அனைவரும் பராமரிப்புப் பணிக்கான ஆயத்தங்களில் ஈடுபட்டிருந்த உப ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். நிலையம் 1976 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியதிலிருந்து அக்குழாய்ப் பகுதி ஒருமுறையேனும் பரிசோதிக்கப்படவில்லை. பரிசோதனைப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. தவறு தெரியவந்த பின்னர் குறிக்கப்பட்ட பரிசோதனை நாள் ஆகஸ்ட் 14. ஐந்து நாட்கள் பிந்திவிட்டது. அங்கு கதிர்வீச்சுக் கசிவு எதுவும் நிகழவில்லை என்பது உண்மையே. மாண்டவர்களுக்கு அது ஆறுதலாகாது.

இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள கக்ரபார் நிலையத்தில் 2016 மார்ச் 11 ஆம் திகதி எரிபொருட் குழாயொன்றில் கசிவு ஏற்பட்டது. வெளிப்புறப் பரப்பில் புள்ளி புள்ளியாக அரிப்பு தோன்றியிருந்தது. எல்லோரும் கவனித்துவந்தது குழாயின் உட்புற நீரை. அரிப்போ காபனீரொட்சைட்டு வாயு சூழ்ந்த வெளிப்புறத்திலிருந்து வந்தது. பின்னர் அங்குள்ள இரு உலைகளினதும் குழாய்கள் மாற்றப்பட்டன.

கணக்கு யாருடைய உடலில்?

கதிர்வீச்சின் கீழ் பணியாற்றுவோருக்கான சர்வதேசப் பரிந்துரை, ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சிவேர்ட் என்பதாகும். எந்த ஓர் ஆண்டிலும் அது 50 ஐத் தாண்டலாகாது. இந்தியா அவ்வுச்ச எல்லையை 30 ஆகக் குறைத்துள்ளது. இயற்கையிலிருந்து மனிதர் சராசரியாகப் பெறுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லி சிவேர்ட். இவ்வெண்களை வைத்துப் பார்க்கும்போது, விதிகள் மதிக்கப்படும் நிலையத்தில் பீதிக்கு இடமில்லை. ஆனால் எண்கள் தாமாகவே எவரையும் காப்பதில்லை. வேலைநேரம் அளக்கப்பட வேண்டும். மார்பில் அணியும் அளவுமானி உண்மையைப் பதியவேண்டும். அப்பதிவு தொழிலாளியுடன் அடுத்த ஒப்பந்தகாரரிடமும் செல்லவேண்டும். நிரந்தர ஊழியரின் பதிவேடு பேணப்பட்டு, நாட்கூலியாக வந்துபோவோரின் பதிவேடு தொலைந்துபோகுமாயின் அந்நிலையத்தின் பாதுகாப்பு அரைப் பாதுகாப்பே.

தோட்டத் தொழிலாளர்க்கு இது விளங்காத விடயமன்று. கையுறையும் முகமூடியுமின்றிக் கிருமிநாசினி தெளிப்பவருக்கு அன்றிரவு எதுவும் நேர்ந்துவிடுவதில்லை. உடனே தெரியாத தீங்கைப் பற்றி உரத்துப் பேசுவதும் கடினம்; இழப்பீடு கேட்பது அதனிலும் கடினம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்குக் கணக்கு வைப்பது ஒரு நாகரிக சமூகத்தின் அடையாளம். குளிர்விப்பு நீரின் காரத்தன்மையைச் சரியாகப் பேணும் இரசாயனவியலாளர் ஓர் இயந்திரத்தின் ஆயுளை மாத்திரம் நீட்டவில்லை. அடுத்த பராமரிப்பின்போது அக்குழாயருகே மண்டியிட்டு வேலை செய்யப்போகும் முகமறியாத ஒருவரின் உடலையும் காக்கின்றார்.

இலங்கை கேட்கவேண்டிய கேள்விகள்

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் கொதிகலன் குழாய் கசிந்து உற்பத்தி தடைப்பட்டது என்ற செய்தியை நாம் பலமுறை படித்திருக்கின்றோம். அங்கு குழாயை ஒட்டவைத்துச் சில நாட்களில் மீண்டும் இயக்கிவிடலாம். தொழிலாளி உள்ளே சென்று வெளியே வருவதற்குக் கதிர்வீச்சுக் கணக்கு எதுவும் தேவையில்லை. அதே வகைக் கசிவு அணு உலையின் முதற் சுற்றில் நேர்ந்தால் ஒவ்வொரு நிமிடமும் அளக்கப்பட வேண்டியதாகிவிடும். அனல்மின் நிலையத்தின் பராமரிப்புப் பழக்கங்களுடன் அணுமின் நிலையத்தை நடத்த முடியாது.

இலங்கையில் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், அணுசக்தியை மேம்படுத்தும் சபையையும் அதனை ஒழுங்குபடுத்தும் பேரவையையும் தனித்தனியே பிரித்து அமைத்தது. இது வரவேற்கத்தக்க அடித்தளம். ஆயினும் சட்டம் மட்டும் குழாய்ச் சுவரின் தடிப்பை அளக்காது. உலை எந்த நாட்டிடமிருந்து வாங்கப்படும், எத்தனை மெகாவோட், எத்தனை கோடி டொலர் என்ற கேள்விகளே இன்று மேடைகளில் ஒலிக்கின்றன. அவற்றோடு வேறு சில கேள்விகளும் எழுப்பப்பட வேண்டும். நீரின் இரசாயனத்தை அறுபது ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பேணக்கூடிய நிபுணர் பரம்பரையை எமது பல்கலைக்கழகங்கள் உருவாக்குமா? கழுவியெடுத்த கதிர்வீசும் பிசின்கள் எங்கு வைக்கப்படும்? பரிசோதனை பிந்தினால் உலையை நிறுத்தும்படி அமைச்சருக்கு எதிரே நின்று கூறும் துணிவும் அதிகாரமும் ஒழுங்குபடுத்துவோருக்கு இருக்குமா? ஒப்பந்தத் தொழிலாளியின் கதிர்வீச்சுப் பதிவேட்டுக்கு யார் பொறுப்பு? அப்பதிவேடு அவர் வாசிக்கக்கூடிய மொழியில் அவர் கையில் கொடுக்கப்படுமா?

இக்கேள்விகளுக்கு விடைதேடத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கல்பாக்கத்தில் நான்கு தசாப்த அனுபவம் தமிழறிந்த விஞ்ஞானிகளிடத்தில் திரண்டு கிடக்கின்றது. சாதனைகளைப் போலவே அவர்கள் சந்தித்த சிக்கல்களும் எமக்குப் பாடங்களாகும். உலையை விலைபேசுமுன்னர் மாணவரை அங்கு அனுப்பி அவ்வனுபவத்தைக் கற்பிப்பது அறிவுடைமை. உலையே வேண்டாமென்று நாடு தீர்மானித்தாலும் அக்கல்வி வீண்போகாது. வைத்தியசாலைகளிலும் கைத்தொழிலகங்களிலும் மின் நிலையங்களிலும் அது பயன்தரும்.

டேவிஸ்பெஸியிலும் மிஹாமாவிலும் துரு தன்னை ஒளித்துக்கொள்ளவில்லை. கறையாகவும் மெலிவாகவும் அடையாளம் காட்டியே வந்தது. பார்க்கவேண்டியவர் பாராததே விபத்தாயிற்று. அணுமின் நிலையம் அமைப்பதா இல்லையா என்பதை நாடு திறந்த மனத்துடன் விவாதித்து முடிவுசெய்யட்டும். ஆனால் ஒரு குழாயின் தடிப்பை ஆண்டு தவறாமல் அளந்து, அளந்ததை மறைக்காமல் எழுதி, எழுதியதை மக்கள் பார்வைக்கு வைக்கும் ஒழுக்கம் எமது நிறுவனங்களில் வேரூன்றும் வரை, உலைக்கான அடிக்கல்லை நாட்ட எவரும் அவசரப்படலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.